பரணில் தூங்கும் ரயில்

கட்கி ஸ்டேஷனில் டெக்கான் குயின் நிற்பதில்லை. 1930 ஜூன் 1ஆம் தேதி தொடங்கி, பம்பாய் மும்பையாகவும் பூனா புனேவாகவும் பெயர் மாறிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ரயில், லோனாவாலா லோக்கலுக்காகக் காத்திருப்பவர்களின் முகத்தில் தூசியை வாரி இறைத்துவிட்டுப் போய்விடும். போன பிறகு பிளாட்பாரத்தில் ஒரு நிமிடம் அமைதி. தண்டவாளம் மட்டும் லேசாக முனகிக்கொண்டிருக்கும். ரயில் பைத்தியம் பிடிப்பதற்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

ஊருக்கும் ரயிலுக்கும் பழக்கம் நீண்டது. கண்டாலாவிலிருந்து புனே வரையிலான பாதை 1858இல் திறக்கப்பட்டது. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது 1869இல். அதாவது தோட்டாவுக்கு முன்பே ரயில் வந்துவிட்டது. தொழிற்சாலை வேலைக்கும் பட்டாளத்து வேலைக்குமாக வந்து, திரும்பிப் போக மறந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கன்டோன்மென்ட் ஊரில் உண்டு. வாசலில் கோலம், வாயில் மராத்தி.

அப்படி ஒரு வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் வீட்டுப் பரணில், ஈயம் போன பித்தளைப் பாத்திரத்துக்கும் திரி ஸ்டவ்வுக்கும் நடுவே ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே ஒரு ஜெர்மன் ரயில்: ஓர் இன்ஜின், நாலு பெட்டிகள், ஒரு வட்டத்துக்குப் போதுமான தண்டவாளம், ஒரு டிரான்ஸ்பார்மர். 1980களில், கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் வாங்கிவந்தது. மகனுக்கு என்றுதான் பெயர். மகன் மூன்று நாள் விளையாடினான்; அப்பா மூன்று வருஷம் விளையாடினார். பிளைவுட் பலகை வாங்கினார், பாயிண்ட் இரண்டு தருவித்தார், தெர்மகோலில் மலை செதுக்கினார். பிறகு ஒரு மழைக்காலத்தில் பெட்டி மேலே போயிற்று. ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் மனைவி கேட்பார்: “என்னங்க, இதை பங்கார்காரனுக்குப் போட்டுடலாமா?” அவர் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. இறக்கி ஓட்டுவதுமில்லை.

மாடல் ரயில் என்ற பொழுதுபோக்கைப் பற்றிய வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பனி மலைகளும் பாலங்களும் வண்ணப் படங்களாக வருகின்றன. பரணைப் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனால் இந்த உலகத்தின் பெரும்பகுதி ரயில்கள் இருப்பது அங்கேதான்.

ஆசை ஏன் வற்றுகிறது? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரிகின்றன.

உலகில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாடல் ரயில் அளவு எச்ஓ எனப்படுவது. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது மாடலில் ஒரு மீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப் பல்லாண்டுகள் செய்துவந்த பழைய ரகப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், மாடலில் இருபத்து நாலரை சென்டிமீட்டர். பதினேழு பெட்டி கோத்து ஓர் இன்ஜினையும் மாட்டினால் ரயில் மட்டுமே நாலரை மீட்டரை எட்டிவிடும். கன்டோன்மென்ட் வீட்டுக் கூடத்தில் ரயிலை நிறுத்தலாம். நகர்த்த இடம் இருக்காது. கட்கியிலிருந்து புனே ஜங்ஷன் சுமார் ஆறு கிலோமீட்டர். அதை அளவு மாறாமல் செய்ய எழுபது மீட்டர் பலகை வேண்டும். இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாடலில் இரண்டு மீட்டர். ஒரு முழு வட்டம் போட நாலு மீட்டர் அகல அறை தேவை. கடையில் விற்கும் பெட்டியிலோ நாற்பது சென்டிமீட்டர்கூட இல்லாத ஆரத்தில் தண்டவாளம் வருகிறது. ரயில் அதில் திரும்பும்போது வாலைத் துரத்தும் நாய் மாதிரி இருக்கும்.

புனே பக்கத்து ரயில் பிரியர்கள் எல்லாருக்கும் போர் காட் மீது ஒரு கண் உண்டு. 1863இல் திறக்கப்பட்ட அந்த மலைப் பாதையில் முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின்களை மாட்டுவார்கள். 1929 வரை, நடுவே ரயில் நின்று திசை திரும்பி ஏறிய ஓர் இடமும் இருந்தது. மாடல் செய்ய இதைவிடச் சுவையான பாதை கிடைக்காது. ஆனால் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே உயரம் சுமார் 550 மீட்டர். எச்ஓ அளவிலும் அது ஆறு மீட்டருக்கு மேல். மாடி வீட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஏற்றமும் தொல்லை: ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டாதே என்பது மாடல் ரயில்காரர்களின் பாடம். ஜி.ஐ.பி. ரயில்வேயின் பொறியாளர்கள் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை.

அமெரிக்கர்களுக்குத் தரைக்கடியில் ஓர் அறை இருக்கிறது. அந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததே அங்கேதான்: மனைவி மேலே, ரயில் கீழே. நமக்கு இருப்பது கட்டிலுக்கு அடியிலும் பரணிலும்தான். ஓட்ட நினைத்தால் இறக்க வேண்டும், பூட்ட வேண்டும், விருந்தாளி வந்தால் மறுபடி கழற்ற வேண்டும்.

பிறகு தூசி. மாடல் இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத்தான் போகிறது. வெறும் 12 வோல்ட் சமாசாரம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய அழுக்குப் படலம் இருந்தால் போதும், இன்ஜின் விக்கி விக்கி நின்றுவிடும். ஏப்ரல் மாதத்துப் புனே தூசி வேலையைத் தொடங்கிவைக்கும். ஜூலை மழை முடித்துவைக்கும்: பிளைவுட் ஊதும், தண்டவாள இணைப்பு விலகும், வயர் முனையில் பச்சை பூக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆசையோடு உட்கார்ந்தவர் மத்தியானம்வரை ஸ்பிரிட்டும் பஞ்சுமாகத் துடைத்துக்கொண்டிருப்பார். ரயில் ஓட்ட வந்தவர் கேங்மேன் ஆகிவிடுகிறார்.

பணமும் உண்டு. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு 2001 வரை இருந்தது. மைத்துனர் கப்பலில் இருந்தால் சரி, இல்லையென்றால் இல்லை. கட்டுப்பாடு போன பிறகு வரி வந்தது. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அறுபது வயதுக்காரர் அலமாரியில் வைத்துத் துடைக்கும் இன்ஜினும் சுங்கத்தின் கணக்கில் பொம்மைதான். இவ்வளவு கொடுத்து வாங்கினாலும் நம் இன்ஜின் நம் தண்டவாளத்தில் ஓடாது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர்; எச்ஓ அளவில் பத்தொன்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடையில் கிடைப்பது, ஐரோப்பியப் பாதையைச் சுருக்கிய பதினாறரை. நம்மூர் இன்ஜினை அதில் ஏற்றினால் பெரியவர் சின்னப் பையன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி.

இதெல்லாம் இருந்தும் விடாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா வசதியும் இருந்து விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இடமும் தூசியும் வரியும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆழமான காரணம் அந்த வட்டம். கட்டும் வரை ஒவ்வொரு நாளும் ஒரு வேலை, ஒரு கேள்வி. கட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால் ரயில் சுற்றுகிறது. மறுபடி சுற்றுகிறது. “அதான் சுத்திடுச்சே” என்று வீட்டார் எழுந்து போகிறார்கள். வட்டத்தில் ஓடும் ரயிலுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இல்லை. ஏறுவதற்கு ஆள் இல்லை. தாமதம் என்பதும் இல்லை.

அமெரிக்காவின் ஃபிராங்க் எலிசன் 1940களிலேயே இதைப் புரிந்துகொண்டவர். நாடகத் தொழிலிலிருந்து வந்தவர். நியூ ஆர்லியன்ஸில் அவர் அமைத்த டெல்டா லைன்ஸ் மாடல் ரயிலை மேடையாகப் பார்த்தார்: ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணை கதை. சரக்கு வண்டி பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்க, எக்ஸ்பிரஸ் கடந்து போக வேண்டும். சிமென்ட் வேகனை இந்த ஸ்டேஷனில் கழற்றி, காலி வேகனை அடுத்த ஸ்டேஷனில் மாட்ட வேண்டும். அதன் பிறகு ‘ரயில் சுற்றுகிறதா’ என்ற கேள்வி போய், ‘5.40 வண்டி நேரத்துக்கு வந்ததா’ என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் புதிய பதில் உண்டு.

கட்கியிலிருந்து நகரத்துக்குள் போனால் கோத்ரூட். அங்கே ஜோஷியின் மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்று புனே அறிந்த பி.எஸ். ஜோஷி அமைத்தது. 1998 ஏப்ரல் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. விளக்கை அணைத்ததும் ஒரு சின்ன நகரம் விழிக்கிறது. நீராவி ரயில் ஓடுகிறது, மலை ரயில் ஏறுகிறது, தலைக்கு மேல் தொங்கும் ரயில் போகிறது. சர்க்கஸ் கூடாரமும் நீச்சல் குளமும் மேம்பாலமும் ஒளிர்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியர்கள் அவர்களைவிடக் கிட்டே நிற்பதும் உண்டு.

இந்த அருங்காட்சியகத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. ஜோஷி முதலில் செய்தது நிலையான அமைப்பு அல்ல. 1980களில், கழற்றி எடுத்துப்போய்க் காட்டும் ஓர் அமைப்பைச் செய்து கண்காட்சிகள் நடத்தினார். கூட்டம் வந்தது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் பிரித்து, ஏற்றி, இறக்கி, பூட்டிச் சரிபார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பது வாடகை வீடு மாறிய எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டுச் சாமானே கால் உடைந்துதான் போய்ச் சேருகிறது. இதில் சிக்னலும் விளக்குக் கம்பமும். பெரும்பாலோர் பரணைத் தேடும் கட்டம் இதுதான். ஜோஷி கட்டடத்தைத் தேடினார். ஓரிடத்திலேயே நிற்கும் புதிய அமைப்பைத் தொடங்கி, பல வருஷ உழைப்புக்குப் பிறகு கதவைத் திறந்தார். அவர் காலமான பிறகும் அவருடைய குடும்பத்தினர் அதை நடத்திவருகிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வாசலில் நாலு பேர் நிற்கும்போது ‘இன்றைக்கு மனசில்லை’ என்று சொல்ல முடியாது. ஸ்விட்சைப் போட்டே ஆக வேண்டும்.

ஹாம்பர்க் நகரத்துக் கதையும் கிட்டத்தட்ட அதேதான், அளவுதான் வேறு. ஃபிரெடரிக் பிரவுனும் கெரிட் பிரவுனும் இரட்டைப் பிறவிகள். சிறு வயதில் ரயில் விளையாடியவர்கள், வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். இரவு நடன விடுதி நடத்தினார்கள். 2000ஆம் ஆண்டு கோடையில் ஜூரிக் நகரத்துக்குப் போன ஃபிரெடரிக், அங்கே ஒரு மாடல் ரயில் கடையைப் பார்த்தார். பழைய ஜுரம் திரும்பியது. ஊரில் இருந்த சகோதரருக்குத் தொலைபேசியில் சொன்ன யோசனை: உலகிலேயே பெரிய மாடல் ரயிலை நாம் கட்டுவோம். அந்த ஆண்டு டிசம்பரில் வேலை தொடங்கியது. 2001 ஆகஸ்ட் 16ஆம் தேதி மினியேச்சர் வொண்டர்லேண்ட் திறந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் பலகைக்குக் கால் அடிக்கவே அவ்வளவு நாளாகும். இன்று அங்கே தண்டவாளத்தின் நீளம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். 2011இல் ஒரு விமான நிலையமும் சேர்ந்தது. அதில் குட்டி விமானங்கள் கிளம்பவும் இறங்கவும் செய்கின்றன.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் வேறு மாதிரி. அவர் யாருக்காகவும் கதவைத் திறந்துவைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் மேல்மாடியில், 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றை இருபத்துமூன்று வருஷம் கட்டி, 2019இல் பத்திரிகைக்குக் காட்டினார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, கருவிகளையும் பெயின்ட்டையும் பரப்பிக் கட்டடங்கள் செய்வாராம். வயரிங் வேலை மட்டும் தனக்கு ஆகாது, அதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். காசிருக்கிறது, சொல்லலாம். ஆனால் அதில் ஒரு விவரமும் இருக்கிறது: பெரும்பாலான அட்டைப் பெட்டிகள் பரணேறியதற்குக் காரணம் ரயில் மீது வெறுப்பல்ல, சால்டரிங் இரும்பின் மீதான வெறுப்புதான். வீடு கட்டப் பிடித்தவர் வீட்டைக் கட்டட்டும். மரம் செய்யப் பிடித்தவர் மரம் செய்யட்டும்.

இன்னொரு பாடகர் நீல் யங். அவருடைய மகன் பென், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். பேச முடியாது, கையை நினைத்தபடி அசைப்பதும் கடினம். அப்பாவும் மகனும் சேர்ந்து செய்யக்கூடிய காரியமாக ரயில் வந்தது. ஆனால் கன்ட்ரோலர் குமிழைத் திருக விரல் ஒத்துழைக்க வேண்டுமே. நீல் யங் ஒரு பெரிய பொத்தானை வைத்துக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதைத் தட்டினால் ரயில் மகனின் பேச்சைக் கேட்கும். அந்த ஆர்வம் அங்கே நிற்கவில்லை. லயனல் என்ற பழம்பெரும் பொம்மை ரயில் நிறுவனத்துக்குக் கம்பியில்லாக் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கித் தருவதில் போய், 1995இல் அந்த நிறுவனத்தை வாங்கியவர்களில் ஒருவராகவும் அவரை ஆக்கியது. தனக்காக மட்டும் ஓட்டியிருந்தால் அவரும் ஒருவேளை இரண்டு வருஷத்தில் கிட்டாருக்கே திரும்பியிருப்பார்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். மாடல் ரயில் உலகத்தில் அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு சித்தர் அந்தஸ்து. வீட்டின் அடித்தளம் முழுவதும் அவர் எழுப்பிய மலைகள் தரையிலிருந்து கூரை வரை நின்றன. 1973 ஜனவரியில் மாரடைப்பில் அவர் இறந்தார். பத்து நாள் கழித்துத் தீப்பிடித்து, எல்லாம் போயிற்று. கரிந்த பலகைகளைப் படமாகப் பார்த்தவர்களுக்கு வருத்தத்தோடு ஓர் ஐயமும் வந்திருக்க வேண்டும்: தீ வராமலிருந்தால் மட்டும் அதை யார் ஓட்டியிருப்பார்கள்? ஒரே மனிதரின் மூளையிலிருந்து இறங்கிய ஊர். அதன் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

இந்த இடத்தில் தமிழ் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நமக்கு மாடல் ரயில் பாரம்பரியம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் பார்க் கட்டுவது வேறென்ன? படிக்கட்டுக்கு அருகே தரையில் மணல் கொட்டி, பத்து நாளைக்கு முன்பே கேழ்வரகோ கடுகோ தூவி, தண்ணீர் தெளித்துப் புல் வளர்ப்பது; முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, அதில் பிளாஸ்டிக் வாத்து விடுவது; தீப்பெட்டியில் வீடு, தென்னங்குச்சியில் வேலி, செங்கல்லும் மண்ணுமாக மலை, மலை மேல் முருகன், அடிவாரத்தில் ரயில்வே ஸ்டேஷன். சாவி கொடுத்து ஓடும் தகர ரயில் எத்தனை கொலுக்களில் ஓடியிருக்கிறது! அளவு கணக்குக் கிடையாது. வாத்து ரயில் இன்ஜினைவிடப் பெரியதாக இருக்கும். செட்டியாரும் செட்டியாரம்மாவும் ஸ்டேஷன் மாஸ்டரைவிட மூன்று மடங்கு. யாரும் குறை சொன்னதில்லை.

புனேயிலும் இதற்கு உறவு உண்டு. தீபாவளி சமயத்தில் பிள்ளைகள் வீட்டு வாசலில் மண்ணும் கல்லும் கோணியும் வைத்துக் கோட்டை கட்டுவார்கள். கில்லா என்று பெயர். சரிவில் ஆளி விதை தூவிப் பசுமை, உச்சியில் சிவாஜி மகாராஜா சிம்மாசனத்தில், படிகளில் மாவ்ளா வீரர்கள். விநாயகர் சதுர்த்தியின்போது மோட்டார் வைத்து அசையும் காட்சிகளை மண்டலிகள் கட்டுவதும் இதே ஊரில்தான். கட்கியின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைக்கிறது: அக்டோபரில் அம்மாவோடு பார்க், தீபாவளிக்குத் தெருப் பையன்களோடு கில்லா.

கொலு பார்க் கட்டுகிறவர்கள் ஆர்வம் போய்விட்டது என்று புலம்பிக் கேட்டதில்லை. போனால் என்ன, அடுத்த அமாவாசை வந்துவிடும். அமாவாசைக்குள் முடித்தாக வேண்டும். மறுநாள் எதிர்வீட்டு மாமி வெற்றிலை பாக்குக்கு வருவார், போன வருஷப் பாலம் எங்கே என்று கேட்பார். சுண்டலுக்கு வரும் பிள்ளைகள் கையை நீட்டுவார்கள், ஏதாவது உடையும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாம் கலைந்துவிடும். முடிந்து போனது சலிப்பதற்கு நேரமே கிடைக்காது. நிரந்தர அமைப்பு வேண்டும் என்று ஏங்கும் மாடல் ரயில்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஜோஷிக்குக் கட்டடம் கிடைத்தது, காட்சி நேரம் என்ற கட்டாயமும் கூடவே கிடைத்தது. கூடத்தில் எட்டடி இடமுள்ளவருக்கு நவராத்திரி இருக்கிறது.

கட்கிக்காரர் அந்தப் பெட்டியை இறக்குவதாகவே வைத்துக்கொள்வோம். காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பேத்தி வந்திருக்கலாம். அல்லது, பார்த்து வளர்ந்தது ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து மறைந்ததாலும் இருக்கலாம். கட்கி வழியாக ஓடிய 1,500 வோல்ட் டிசி மின்சாரம் போய் 25,000 வோல்ட் ஏசி வந்துவிட்டது. 1961இல் சித்தரஞ்சனில் பிறந்த முதல் மின்சார இன்ஜின் ‘லோக்மான்யா’வின் வகையறா இந்தப் பாதையில் இப்போது இல்லை. பக்கத்தில் கம்பிகள் ஏறி இறங்க, மலையில் ரயிலைத் தள்ளிய பழைய ‘முதலை’ இன்ஜின்களில் ஒன்றைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஐசிஎஃப் தன் பழைய ரகப் பெட்டி செய்வதை 2018இல் நிறுத்தியது. டெக்கான் குயின்கூட 2022 ஜூனில் புதிய எல்எச்பி பெட்டிகளுக்கு மாறிவிட்டது. நிஜத் தண்டவாளத்தில் ஓடாதது இனிப் பலகையில்தான் ஓட முடியும்.

போர் காட் கட்டும் எண்ணம் அவருக்கு இப்போது இல்லை. புனே வரை போகும் எண்ணமும் இல்லை. ஒரே ஒரு ஸ்டேஷன், ஒரே ஒரு வருஷம். கட்கி, 1975. ஒரு பிளாட்பாரம், ஒரு நடைமேம்பாலம், மூன்று மொழியில் பெயர்ப்பலகை, பின்னால் ஓர் அரச மரம். ஜெர்மன் இன்ஜினுக்கு நீல வண்ணம் அடிக்க வேண்டும். பதினாறரை மில்லிமீட்டரைப் பற்றி எதிர்வீட்டு மாமி கேட்கப்போவதில்லை. அன்று சாயங்காலம் அவர் துடைத்தது ஒரு மீட்டர் தண்டவாளம் மட்டும். இன்ஜின் முதலில் அசையவில்லை. விரலால் தள்ளியதும் ஒரு முழம் போய் நின்றது. மறுபடி தள்ளினார். தண்டவாளத்தின் கோடி வரை போயிற்று. “தாத்தா, இது எங்க போகுது?” என்று பேத்தி கேட்டாள். “சிவாஜிநகர்” என்றார். “எப்ப வரும்?” அதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை, போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து கால அட்டவணை ஒன்று எழுத உட்கார்ந்தார்.

கொலு ஒன்பது நாளும் ரயில் ஓடியது. மூன்றாம் நாள் தடம் புரண்டது, ஏழாம் நாள் ஒரு குழந்தை சிக்னல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கலைக்கிற அன்று மனைவி பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் அட்டைப் பெட்டியை மூடி, ஸ்கெட்ச் பேனாவால் மேலே எழுதினார்: இடது பாயிண்ட் சிக்குகிறது, மாற்ற வேண்டும். நீல பெயின்ட் காலி. சிக்னல் ஒன்று குறைவு. லோக்கலுக்கு இரண்டு பெட்டி கூடத் தேவை.

“மேலே வைக்கவா?” என்று கேட்டார் மனைவி.

“கட்டிலுக்கு அடியில வை. பெயின்ட் அடிக்கணும்.”